இந்த வருஷம் உன் முறை

போன வாரம் நாம் அவளைச் சமையலறையை ஒட்டிய சின்ன அறையில், கையில் இஸ்திரிப் பெட்டியோடு விட்டுவிட்டு வந்தோம். புடவையின் மடிப்பை நீவிக்கொண்டே, சொல்லவேண்டிய பதில்களை உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்தால் நேர்முகத் தேர்வு.

விடிந்துவிட்டது.

அந்த வீட்டில் ஆண்கள் மூன்று பேர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர். அரசுப் பணித் தேர்வை வருடா வருடம் எழுதி, வருடா வருடம் கோட்டை விட்டுக்கொண்டிருக்கும் கொழுந்தன். மாமியார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டதால், மூன்று பேருக்கும் சேர்த்து உழைக்க இவள் ஒருத்திதான்.

கல்யாணமாகி வந்த புதிதில், "நானும் அந்தப் பரீட்சையை எழுதட்டுமா?" என்று கேட்டாள். கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்கே அவளுக்கு 'ஆபீசரம்மா' என்று பேர் வைத்தான். பேர் ஒட்டிக்கொண்டது. ஆபீசரம்மா, சாப்பாட்டுல உப்பு இல்லை. ஆபீசரம்மா, சட்டையில பொத்தானைக் காணோம்.

போன வருடம் நடந்ததைத் தொடர்ந்து படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எழுத்துத் தேர்வன்று காலையில், அவள் செருப்பில் கால் நுழைக்கும் நேரம் பார்த்து, மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்தார். கணவர் அவள் தோளைத் தொட்டு, பரீட்சை எங்கேயும் ஓடிவிடாது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தழுதழுத்தார். கொழுந்தன் பரீட்சைக்குப் போனான். அவள் மாமனாரோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெறும் வாயுத் தொல்லை என்று டாக்டர் சொன்னபோது, பெரிதாக ஒன்றுமில்லையே என்று நிம்மதிப் பெருமூச்சுகூட விட்டாள்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம். வீட்டுக்குப் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் காதில் ஜன்னல் வழியாக மாமனாரின் குரல் விழுந்தது.

"நீ ஏன்டா கவலைப்படறே? மறுபடி ஒரு தடவை நெஞ்சைப் பிடிச்சாப் போச்சு. அவ எங்கே போயிடுவா?"

கொழுந்தன் சிரித்த சிரிப்பு நெடுநேரம் அடங்கவில்லை.

அவள் ஓடிப்போய்ச் சண்டை பிடிக்கவில்லை. அழவுமில்லை. கையில் இருந்த ஈரச் சட்டையை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினாள். வாளியில் மிச்சம் இருந்ததையும் உலர்த்தி முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். கணவரிடம் மூச்சு விடவில்லை. பெற்ற அப்பா இப்படிச் செய்தார் என்று தெரிந்தால் மனுஷர் உடைந்துபோவார் என்று நினைத்தாள்.

ஆனால் அன்றைக்கு அவளுக்குள் ஏதோ ஒன்று கெட்டிப்பட்டுவிட்டது. அதற்கு முன்பு அவள் படித்தது ஆசைக்கு. அதற்குப் பிறகு படித்தது வஞ்சத்துக்கு. ஆசையோடு படித்தவளுக்குத் தூக்கம் வந்தது. வஞ்சத்தோடு படித்தவளுக்கு வரவில்லை.

வரலாற்றையும் பொருளாதாரத்தையும் தன் குரலிலேயே போனில் பதிந்து, பாத்திரம் தேய்க்கும்போது கேட்டாள். கொழுந்தன் பயிற்சி வகுப்பிலிருந்து கொண்டுவந்து மூலையில் எறிந்த புத்தகங்களைப் பொறுக்கி எடுத்தாள். அவன் அடிக்கோடு போட்ட வரிகளை விட்டுவிட்டு மற்றதைப் படித்தாலே தேறிவிடலாம் என்பது அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. கடையிலிருந்து வரும் பழைய பில் தாள்களின் பின்பக்கத்தில் கட்டுரை எழுதிப் பழகினாள். எழுதி எழுதி நடுவிரலின் பக்கவாட்டில் காய்ப்பு ஏறியது. காய்கறி நறுக்கும்போது அந்த இடம் எரியும். எரியும்போதெல்லாம் ஜன்னல் வழியே கேட்ட சிரிப்பு ஞாபகம் வரும். உடனே அடுத்த பாடத்தை எடுப்பாள்.

இந்த வருடம் எழுத்துத் தேர்வில் தேறினாள். கொழுந்தன் தேறவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவளை ஆபீசரம்மா என்று கூப்பிடவில்லை.

எந்தத் துறை வேண்டும் என்று கேட்ட இடத்தில் அவள் முதலாவதாகப் போட்டது பத்திரப் பதிவை. அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்கு வேறு யாராக இருந்தாலும் அதைக் கடைசியில்தான் போட்டிருப்பார்கள். அவள் கணக்கே வேறு. ஆயுள் முழுக்க அதிகாரிகளின் மேசைக்கு முன்னால் கைகட்டி நின்ற மனுஷர், தன் மருமகள் அதே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். அவருடைய பழைய சகாக்கள் அவள் உள்ளே நுழையும்போது எழுந்து நிற்க வேண்டும். சாயங்காலம் அவர்கள் அதைப் போய் அவரிடம் சொல்ல வேண்டும்.

இதுதான் அவள் உள்ளே வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்த மருந்து.

அன்று காலை கணவர் சீக்கிரமே கடைக்குப் போயிருந்தார். ஷட்டரைத் தூக்கிவிட்டு, கடைப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரில் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்.

புடவை கட்டி, சான்றிதழ்ப் பையைத் தோளில் மாட்டி, அவள் கூடத்துக்கு வந்தாள். மாமனார் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் வந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆரம்பிச்சாச்சு என்று நினைத்தாள். இருக்கட்டும், நெஞ்சைப் பிடிக்கட்டும், சரியட்டும், ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியிறங்க வேண்டியதுதான்.

ஆனால் அவர் நெஞ்சைப் பிடிக்கவில்லை. கத்தவில்லை. தன்னிடம் யாரோ புரியாத ஒன்றைக் கேட்டுவிட்டதுபோல முழித்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு இறங்கிச் சொட்டியது. அதைத் துடைக்கக்கூடக் கை எழவில்லை.

"தாடை வலிக்குதும்மா," என்றார். "கை கனமா இருக்கு."

அவர் அவளை 'அம்மா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

போன வருடக் கூத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். பொய்க்கு எவ்வளவு சத்தம் உண்டு என்று அவளுக்குத் தெரியும். இதில் சத்தமே இல்லை. இது நிஜம்.

அவள் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். விலாசத்தையும், வேர்வையையும், தாடையையும், கையையும் நிதானமாகச் சொன்னாள். அவருடைய சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றினாள். பிறகு கொழுந்தனின் அறைக் கதவைத் தட்டினாள். அவன் தூக்கக் கலக்கத்தோடு வந்து அப்பாவைப் பார்த்ததும் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான்.

"அண்ணி, நீங்க கூட வாங்க. எனக்குக் கை காலெல்லாம் உதறுது. டாக்டர்கிட்ட என்ன பேசறதுன்னே தெரியாது."

"வேர்வை, தாடை வலி, கை கனம்னு ஆம்புலன்ஸ்காரங்ககிட்டச் சொல்லியிருக்கேன். அதையே சொல்லு," என்றாள். "போன வருஷம் நான் போனேன் தம்பி. இந்த வருஷம் உன் முறை."

 அவள் அதோடு நிற்கவில்லை. மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"இது நடிப்பு இல்லைன்னு எனக்குத் தெரியும் மாமா. அதனாலதான் வண்டியைக் கூப்பிட்டேன்."

அவர் கண்ணை உயர்த்தி அவளைப் பார்த்தார். அந்த வலியிலும் அவருக்குப் புரிந்துவிட்டது. இவளுக்குத் தெரியும், இத்தனை மாதமும் தெரிந்துவைத்துக்கொண்டேதான் சாப்பாடு போட்டிருக்கிறாள் என்று புரிந்துவிட்டது. அந்தப் பார்வைக்காக அவள் வெகுநாள் காத்திருந்தாள். கிடைத்தபோது, நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை. கசக்கவும் இல்லை.

ஆம்புலன்ஸும் கணவரின் ஸ்கூட்டரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தன. அப்பாவைத் தூக்கி வைப்பதைப் பார்த்துக் கணவர் அலறிப்போனார். ஸ்கூட்டரை நிறுத்தக்கூட மறந்து சாய்த்துப் போட்டார். அவளைப் பார்த்ததும் அவர் குரல் மெதுவாக, இதமாக மாறியது. போன வருடம் கேட்ட அதே இதம்.

"நீயும் ஏறு. இன்னிக்கு விட்டா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"நான் போகணும். தம்பி கூட வரான். நீங்க இருக்கீங்க."

"நீ திரும்பி வர்றதுக்குள்ள அப்பா செத்துப்போயிட்டா?"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள்.

"செத்தா வந்து அழறேன்," என்றாள்.

சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். பின்னால் ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு போனது. அது முனை திரும்பிச் சத்தம் தேயும் வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. 

தேர்வாணையக் கட்டடத்தின் வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இனி வெளியே வரும் வரை ஒரு சேதியும் வராது. காத்திருக்கும் கூடத்தில் எல்லோரும் மொடமொடப்பான உடையில், வாய்க்குள் முணுமுணுத்தபடி இருந்தார்கள். ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டு ஆறுகளின் பேரை ஒப்பித்தான். ஒரு பெண் தண்ணீர் குடித்துக் குடித்து, எழுந்து எழுந்து போனாள்.

அவளுக்கு ஆறும் நினைவில்லை, மலையும் நினைவில்லை. ஒரே ஒரு நினைப்புதான். அந்த மனுஷர் சாகக் கூடாது. இரக்கத்தில் எழுந்த நினைப்பு இல்லை அது. தான் ஜெயித்ததைப் பார்க்காமல் அவர் தப்பித்துப் போய்விடக் கூடாது என்ற ஆத்திரம். செத்துப்போனால் அந்த மேசையும் நாற்காலியும் யாருக்காக? அத்தனை இரவும் யாருக்காக? பிழைச்சுக் கிடங்க மாமா, உங்களுக்கு நான் இன்னும் ஒண்ணுமே செய்யலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவர் பிழைக்க வேண்டும் என்று அவ்வளவு கோபமாக யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள்.

அவளைக் கூப்பிட்டார்கள்.

நீளமான மேசை. அதற்குப் பின்னால் நடுவில் தலைவர், ஒல்லியானவர், கண்ணாடியை மூக்கின் பாதியில் வைத்திருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் மனைவிக்கு அது சரியாகப் பொருந்தவில்லை என்பது உடனே கண்ணில் பட்டது. ஒரு பக்கம் தூக்கத்தை அடக்கும் பேராசிரியர். மறுபக்கம், நரைத்த தலையை இழுத்துக் கட்டிய ஓர் அம்மா. படிப்பைப் பற்றி, வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி, வெள்ள நிவாரணத்தைப் பற்றிக் கேட்டார்கள். பதில்கள் தானாக வந்து விழுந்தன. பாத்திரம் தேய்க்கும்போது கேட்ட தன் குரலையே திருப்பிச் சொல்வதுபோல இருந்தது.

பிறகு தலைவர் தாளைப் புரட்டினார்.

"இந்த மார்க்குக்கு நீங்க பெரிய துறை எதைக் கேட்டாலும் கிடைக்குமே. பத்திரப் பதிவை எதுக்கு முதல்ல போட்டீங்க?"

இதற்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். மக்கள் சேவை, வெளிப்படைத் தன்மை என்று பளபளப்பான பதில். வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"எங்க மாமனார் அந்தத் துறையில இருந்தவர் சார்."

"ஓ. அவரை முன்மாதிரியா எடுத்துக்கிட்டீங்க."

"இல்லை சார். அவர் செஞ்சதை நிறுத்தணும்னு எடுத்துக்கிட்டேன்."

பேராசிரியருக்குத் தூக்கம் கலைந்தது. அவள் சொன்னாள். சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட அண்ணன் தம்பிகள் கூட்டிவரும் பெண்களைப் பற்றிச் சொன்னாள். என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது ஒருத்தி கேட்டால், நாளைக்கு வா என்று எழுத்தர் அலைக்கழிப்பதையும், அலைந்து அலுத்து அந்தப் பெண் கேட்பதை நிறுத்துவதையும் சொன்னாள். எங்கே பார்த்தாள் என்று யாரும் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது மாமனார் பெருமையாகச் சொல்லிச் சிரித்த கதைகள் அவை. பரிமாறிக்கொண்டே நின்றவளுக்கு ஒன்றுகூட மறக்கவில்லை. இன்றைக்கு இந்த அறையில்தான் அவை கதைகள் இல்லை, குற்றங்கள் என்று அவளுக்கே முழுதாக உறைத்தது. அவருக்கு வலிக்கும் என்று தேர்ந்தெடுத்த இடத்தில், வேறு யார் யாருக்கோ நிஜமாகவே வலித்துக்கொண்டிருந்தது.

நரைத்த தலை அம்மா முன்னால் சாய்ந்தார்.

"ரொம்பக் கோபமா இருக்கீங்க. இவ்வளவு கோபத்தோட ஒருத்தங்க பதவிக்கு வரலாமா?"

"கோபமே இல்லாதவங்க நிறையப் பேர் அந்த சீட்ல உக்காந்துட்டுப் போயிட்டாங்க மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா அவளையே சற்று நேரம் பார்த்துவிட்டு, குனிந்து எதையோ எழுதினார். நல்லதா கெட்டதா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தலைவர், போகலாம் என்று தலையசைத்தார்.

வெளியே வந்து போனை வாங்கினாள். கணவர் பலமுறை கூப்பிட்டிருந்தார். கொழுந்தனிடமிருந்து ஒரே ஒரு செய்தி. ஆஸ்பத்திரியின் பேர், இரண்டாவது மாடி. உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று அதில் இல்லை.

ஆஸ்பத்திரிப் படிகளை ஏறும்போது, போன வருடம் இதே படிகளில் மாமனாரைக் கைத்தாங்கலாக இறக்கிவந்தது ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இரும்பு நாற்காலி வரிசை. கடைசி நாற்காலியில் கொழுந்தன் தனியாக உட்கார்ந்திருந்தான். மடியில் அப்பாவின் செருப்பு. இடது கன்னத்தில் விரல் தடம் சிவந்து கிடந்தது.

அவளைக் கண்டதும் எழுந்தான். "ரத்தக்குழாயில அடைப்பாம். ஸ்டென்ட் வச்சுச் சரி பண்ணிட்டாங்க. தூங்கறார். நேரத்துக்குக் கொண்டுவந்ததால பிழைச்சாருன்னு டாக்டர் சொன்னார்." செருப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "நீங்க சொன்னதை அப்படியே சொன்னேன் அண்ணி."

அவள் உட்கார்ந்தாள். உடம்பில் இருந்த முறுக்கெல்லாம் ஒரே சமயத்தில் தளர்ந்தது. பிழைத்துவிட்டார். இனி பார்ப்பார்.

"கன்னத்துல என்ன?"

"அண்ணன் அடிச்சார். உங்களை ஏன்டா போக விட்டேன்னு. இத்தனை பேருக்கு நடுவுல." அவன் குரல் கீச்சென்று உயர்ந்து அடங்கியது. "நர்ஸ்கிட்ட, டாக்டர்கிட்ட, போன்ல சொந்தக்காரங்ககிட்ட, எல்லார்கிட்டயும் சொல்லிட்டார். சாகக் கிடந்த மாமனாரை விட்டுட்டு இண்டர்வியூக்குப் போனவன்னு. அழுதுகிட்டே சொன்னார். கேட்டவங்களும் அழுதாங்க."

 அவர் வருத்தம், பாவம், சொல்லட்டும் என்றுதான் அந்த நிமிடம்கூட நினைத்தாள்.

கொழுந்தன் செருப்பைத் தரையில் வைத்தான். அவன் முகத்தில் அடிபட்டவனின் ரோஷம் ஏறியிருந்தது.

"போன வருஷம் அப்பா நடிச்சது உங்களுக்குத் தெரியும் இல்லே?"

"தெரியும். நீயும் அவரும் சிரிச்சதைக் கேட்டேன்."

"சிரிச்சோம். இல்லைங்கலை. ஆனா அப்பாவுக்கு அந்த யோசனையே வராது அண்ணி. நடிக்கவும் தெரியாது. முந்தின நாள் ராத்திரி சொல்லிக் கொடுத்தப்ப முதல்ல வலது பக்கத்தைப் பிடிச்சார். அண்ணன்தான் அவர் கையை எடுத்து இடது பக்கம் வச்சார். இங்கேப்பா, இங்கேன்னு."

அவள் மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"நீங்க பாஸ் பண்ணி வெளியூர் போயிட்டா, நான் ஆபீசரம்மா புருஷன்னு பட்டம் கட்டிக்கிட்டுத் திரியணுமான்னு அண்ணன் கேட்டார். என்னைவிட அவருக்குத்தான் பயம்."

அடி வாங்கியதற்கு அவன் பழி தீர்த்துக்கொண்டுவிட்டான். தீர்த்த பிறகு, என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தவன்போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

அவளுக்குச் சத்தமெல்லாம் தூரமாகிப்போனது. படித்துப் படித்துக் கண் எரிந்தபோது கடைக்குக் கூட்டிப்போய், கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்கு முன் உட்காரவைத்து, தன் கையாலேயே கண்ணாடி செய்து போட்டுவிட்ட மனுஷர். "நல்லாத் தெரியுதா இப்ப?" என்று குனிந்து கேட்ட மனுஷர். இவர் உடைந்துபோவார் என்றுதானே அத்தனை மாதமும் வாயைத் தைத்துக்கொண்டு இருந்தாள். வஞ்சத்தை எல்லாம் திரட்டி, குறி பார்த்து, ஒரு கிழவரின் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். நீட்டிய கைக்குப் பின்னால், ஆதரவாகத் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றது யார்?

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. வாளியில் மிச்சம் இருந்த துணியை உலர்த்தி முடித்த அன்றைய அமைதிதான் வந்தது.

படியில் காலடிச் சத்தம். கணவர் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் மருந்துப் பை, இன்னொரு கையில் இரண்டு காகிதக் கோப்பைகளில் தேநீர். கண்கள் வீங்கியிருந்தன. அவளைப் பார்த்ததும் நின்று, சுற்றிலும் இருந்தவர்களையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் மன்னித்துவிட்டவர்போல ஒரு கோப்பையை நீட்டினார்.

"வந்துட்டியா. போகட்டும் விடு. இண்டர்வியூ எப்படிப் போச்சு?"

"நல்லாப் போச்சு," என்றாள். கோப்பையை வாங்கவில்லை. "உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு, தலை குனிந்து உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார். கோப்பையிலிருந்த தேநீர் லேசாகத் தளும்பி அவர் விரலில் வழிந்தது. சுட்டிருக்க வேண்டும். அவர் கையை எடுக்கவில்லை.

"எதுவா இருந்தாலும் வீட்ல போய்ப் பேசிக்கலாமே," என்றார், அந்த இதமான குரலில்.

நாற்காலி வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். காலையிலிருந்து அவர் கண்ணீரைக் கேட்டவர்கள் அவர்கள்.

அவள் பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"இங்கேயே பேசலாம்," என்றாள். "உக்காருங்க."